போன தலைவர் வைத்த குழாயில் தண்ணீர் வருகிறதா? ரோட்டரி, அரிமா சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) சங்கங்களில் வரும் ஜூலை ஒன்றாம் தேதி தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் பொறுப்பேற்கப்போகும் நண்பர்களுக்கு வணக்கம்.

பதவியேற்பு விழா வேலையில் மும்முரமாக இருப்பீர்கள். மண்டபம் பிடித்திருப்பீர்கள், பல சங்கங்கள் சேர்ந்த உங்கள் அமைப்பு ‘மாவட்டத்தின்’ ஆளுநரிடம் தேதி வாங்கியிருப்பீர்கள், ஃபிளெக்ஸில் யார் படம் பெரிதாக வர வேண்டும் என்ற பஞ்சாயத்தும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் கடிதத்தைப் படிக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஜூலைக்கு அப்புறம் எழுதிப் பயனில்லை. அதற்குள் உங்கள் வருடத்துக்கான சேவைத் திட்டப் பட்டியல் முடிவாகிவிடும்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ரோட்டரி மாணவர்களுக்காக நடத்தும் இன்டராக்ட் சங்கம் எங்கள் பள்ளியில் உண்டு, அதற்குப் பல வருடம் பொறுப்பாசிரியராக இருந்தேன். அதனால் உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் உதவியை வாங்கும் வரிசையிலும் நின்றிருக்கிறேன். சங்கக்காரர்கள் என்றாலே போட்டோவுக்கு நிற்பவர்கள் என்று கேலி பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கடையையும் கிளினிக்கையும் விட்டுவிட்டு, சொந்தப் பெட்ரோலில் கிராமம் கிராமமாகச் சுற்றிய ரோட்டரி நண்பர்களையும் அரிமா நண்பர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே ஒரு மனக்குறை. ஒரு வருடத்தில் முடிகிற பதவியில் இருந்துகொண்டு, பத்து வருடம் ஓட வேண்டிய பொருளைக் கொடுக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்பது வருடத்துக்கு யார் பொறுப்பு என்று யாரும் பேசுவதில்லை.

எங்கள் பள்ளி சைக்கிள் ஷெட் பக்கத்தில் ஓர் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் இருக்கிறது. ஒரு சங்கம் கொடுத்தது, பெயர் வேண்டாம். மேலே கருங்கல்லில் தங்க எழுத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், திட்டத் தலைவர், ஆளுநர் என்று வரிசையாகப் பெயர்கள். திறப்பு விழாவில் பிள்ளைகளுக்கு லட்டு கொடுத்தார்கள். தண்ணீரும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீர் பயங்கர உப்பு. குடத்தில் இரண்டு நாள் இருந்தால் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். அதே உப்பு, இயந்திரத்துக்குள் உப்பை வடிகட்டும் மெல்லிய சவ்வான மெம்பிரேனிலும் படியும் என்பதைத் திறப்பு விழா அன்று யாரும் சொல்லவில்லை. முதலில் வெளியே இருக்கும் கார்ட்ரிட்ஜ் பழுப்பேறி அடைத்துக்கொண்டது. அதற்குச் சில நூறு ரூபாய். ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாற்றினோம். அடுத்து மெம்பிரேன் போனது. அதற்குச் சில ஆயிரம் ஆகும். தலைமை ஆசிரியர் சங்கத்துக்குப் போன் செய்தார். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார்: "சார், அது போன வருஷத்துப் புராஜெக்ட். நான் இப்ப பாஸ்ட் பிரசிடென்ட். புதுத் தலைவர்கிட்ட சொல்லிடறேன்." புதுத் தலைவர் நேரிலேயே வந்து பார்த்தார். "ரிப்பேருக்கு எங்க பட்ஜெட்ல ஹெட் இல்லையே சார். வேணும்னா ஒரு ஸ்மார்ட் கிளாஸ் பண்ணித் தரட்டுமா?" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது உங்கள் அமைப்பின் நடைமுறை. புதிதாக ஒன்றைக் கொடுத்தால் அது சேவைத் திட்டம். மாவட்டத்துக்குப் போகும் மாதாந்திர அறிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கையோடு ஏறும், வருடக் கடைசியில் விருதுக்கும் கணக்காகும். பழையதைச் சரி செய்தால் அது வெறும் செலவு. பசு மாட்டைக் கொடுத்துவிட்டு வைக்கோலுக்கு வழி சொல்லாமல் போவது மாதிரிதான். இப்போது அந்த இயந்திரத்தின் மேல் துடைப்பத்தைச் சாய்த்து வைக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நீண்ட காலம் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. போலியோவைப் பாருங்கள்.

1979இல் பிலிப்பைன்ஸில் அறுபது லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க ரோட்டரி ஒப்புக்கொண்டது. ஒரு வருடத்துக்கு அல்ல, பல வருடத் திட்டமாக. அந்த அனுபவத்தில்தான் 1985இல் போலியோபிளஸ் என்ற ரோட்டரியின் போலியோ ஒழிப்புத் திட்டம் பிறந்தது. 12 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்று கிளம்பி, 1988க்குள் 24 கோடிக்கு மேல் திரட்டிவிட்டார்கள். அதே 1988இல் உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றோடு சேர்ந்து உலகப் போலியோ ஒழிப்பு முயற்சி தொடங்கியது. அப்போது 125 நாடுகளில் வருடத்துக்கு ஏறக்குறைய 3,50,000 குழந்தைகளைப் போலியோ முடக்கிக்கொண்டிருந்தது. இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஊரில் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுத்துவிடும் முறையை, வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1980களிலேயே உள்ளூர் ரோட்டரியின் துணையோடு செய்து காட்டினார். நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ முகாம் வந்தது 1995இல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மேசை, நாற்காலி, பந்தல், மைக் செட், மஞ்சள் தொப்பி, செவிலியர்களுக்கு மத்தியானச் சாப்பாடு என்று எல்லாம் உள்ளூர்ச் சங்கம் பார்த்துக்கொள்ளும். எங்கள் இன்டராக்ட் பிள்ளைகளைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்துவார்கள். மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்குச் சதுரமும் கறுத்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டு, குளிர்ப்பெட்டி மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று செவிலியரையே அதட்டினார்கள். கிளம்பப்போன பஸ்ஸைக் கண்டக்டர் நிறுத்திவைக்க, ஜன்னல் வழியாகக் குழந்தையை வாங்கி, சொட்டு மருந்து போட்டு, இடது சுண்டு விரலில் மை வைத்துத் திருப்பிக் கொடுத்த ரோட்டரிக்காரர் ஊரில் பெரிய ஜவுளிக்கடை முதலாளி. அந்த வருடம் சங்கத் தலைவர் யார் என்று இப்போது யோசித்தால் எனக்கு ஞாபகம் வரவில்லை.

2009இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. 2010இல் 42. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு, அதோடு சரி. 2014 மார்ச் 27இல் இந்தியாவும் அடங்கிய, உலக சுகாதார அமைப்பின் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லை என்று சான்றிதழ் வந்தது. 1985இலிருந்து கணக்குப் போட்டால் ரோட்டரியின் எத்தனை உலகத் தலைவர்கள், எத்தனை ஆளுநர்கள், எத்தனை ஆயிரம் சங்கத் தலைவர்கள் மாறியிருப்பார்கள்! "அது போன தலைவரின் திட்டம்" என்று ஒருவர் கைவிட்டிருந்தாலும் கதை வேறாகப் போயிருக்கும். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வேலை இன்னும் முடியவில்லை என்பதால் இப்போதும் வருடா வருடம் நிதி திரட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இலங்கையில் நடந்தது இதைவிடக் கடினம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே போலியோபிளஸ் தலைவராக இருந்தவர் கே.ஆர். ரவீந்திரன், பின்னால் 2015-16இல் ரோட்டரியின் உலகத் தலைவரானவர். யுனிசெஃபோடு சேர்ந்து பேசி, தடுப்பு மருந்து நாட்களில் வடக்கில் போர்நிறுத்தத்துக்கு வழிசெய்தார்கள். அரசாங்கம் போக முடியாத இடத்துக்கு, இரு தரப்பும் ஓரளவு நம்பும் ஒரு வியாபாரிகள் சங்கம் போக முடிந்தது. அந்த நம்பிக்கை ஒரே வருடத்தில் வந்துவிடவில்லை.

அரிமா நண்பர்களை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். 1925இல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் நடந்த உங்கள் மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். நூறு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் நம் கிராமங்களில் அரிமா சங்கம் என்றால் கண் முகாம்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. அங்குள்ள சமுதாயக் கண் மருத்துவப் பயிற்சி நிலையம் 1992இல் அரிமா சங்கங்களின் சைட்ஃபர்ஸ்ட் என்ற பார்வைப் பாதுகாப்புத் திட்டத்தின் உதவியோடுதான் எழுந்தது. அதன் பெயரிலேயே லயன்ஸ் இருக்கிறது.

அந்த முகாம்கள் ஏன் நிற்கவில்லை என்று பாருங்கள். வேலை தெளிவாகப் பிரிந்திருக்கிறது. டாக்டர், கருவி, லென்ஸ், அறுவை சிகிச்சை எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. இடம், ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்பது, சாப்பாடு, நோயாளியைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது ஆகியவை சங்கத்தின் பொறுப்பில் வரும். ஒருகாலத்தில் பள்ளிக்கூட அறையிலேயே ஆபரேஷன் நடந்தது. இப்போது முகாமில் சோதனை மட்டும், ஆபரேஷன் மருத்துவமனையில். கண் புரை இருக்கிறது என்று சொன்ன பிறகும் பாட்டி பஸ்ஸில் ஏற மாட்டாள். பயம் ஒரு பக்கம். இரண்டு ஆடு இருக்கிறது, யார் பார்த்துக்கொள்வது என்பது இன்னொரு பக்கம். ஆபரேஷன் இலவசம் என்று எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் அந்த ஆட்டுக்குப் பதில் வராது. பக்கத்து வீட்டில் பேசி, ஆட்டுக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டு, பாட்டியைக் கைப்பிடித்து ஏற்றிவிடுகிற உறுப்பினர்தான் என் கண்ணில் உண்மையான அரிமா. அதோடு முடிவதில்லை, அப்புறம் மறுபரிசோதனைக்கு அதே இடத்தில் திரும்ப ஒரு நாள். தலைவர் மாறினாலும் அடுத்த முகாம் தேதி மாறாது, ஏனென்றால் மருத்துவமனையின் காலண்டரில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். அதைப் பற்றி உங்கள் மேடைகளில் அதிகம் பேசுவதில்லை, மங்கலமான விஷயம் இல்லை என்பதால் இருக்கலாம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் நகராட்சியின் எரிவாயு தகன மேடையை அன்றாடம் நடத்துவது உள்ளூர் ரோட்டரியோ அரிமா சங்கமோ அமைத்த அறக்கட்டளைதான். இடம் நகராட்சியுடையது, கட்டணமும் அவர்களைக் கேட்டுத்தான். ஆனால் சிலிண்டர் தீராமல் பார்த்துக்கொள்வது, பர்னரைச் சரிசெய்வது, ஊழியருக்குச் சம்பளம், அமரர் ஊர்தி, பதிவேடு, ரசீது, மறுநாள் காலை அஸ்தியைப் பெயர் மாறாமல் எடுத்துக் கொடுப்பது எல்லாம் சங்கத்துக்காரர்கள். எங்கள் ஊரில் அதன் பொறுப்பாளர் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். ராத்திரி எந்நேரம் போன் வந்தாலும் எடுப்பார். "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு, டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று அவர் சொல்லும்போது, இழவு வீட்டில் நிற்பவனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், சொந்தப் பிள்ளைகளே கிட்டப் போக முடியாத உடல்களை எரித்தது அந்த ஊழியர்கள்தான். அங்கே ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. வரவு செலவு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், மெஷின் கெட்டால் அன்றே மெக்கானிக் வந்தாக வேண்டும். ஏனென்றால் பிணம் காத்திருக்காது. பள்ளிக்கூடத்துக் குழாய்க்கும் அந்த அவசரம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தத் தகன மேடையிலும் கண் முகாமிலும் போலியோவிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தலைவருக்குப் பின்னால் மாறாத ஒருவர் நிற்கிறார். ஓர் அறக்கட்டளை, ஒரு மருத்துவமனை, ஓர் உலகக் குழு. தலைவர் ஒரு வருடம் வந்து தோள் கொடுத்துவிட்டுப் போகிறார். எங்கள் பள்ளிக்கு வரும் பொருள்களுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை.

ரோட்டரி நண்பர்களே, உங்கள் பணமே எவ்வளவு பொறுமையானது என்று யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1917இல் ஆர்ச் கிளம்ப் சொன்ன யோசனையின்படி தொடங்கிய ரோட்டரி நிதிக்கு வந்த முதல் நன்கொடை கன்சாஸ் சிட்டி சங்கம் கொடுத்த 26 டாலர் 50 சென்ட். இன்றைக்கு நீங்கள் ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் பணம் மூன்று வருடம் முதலீட்டில் இருந்துவிட்டு, ஏறக்குறைய பாதி உங்கள் மாவட்டத்தின் கணக்குக்கு வருகிறது, மீதியில் பெரும்பகுதி உலக நிதிக்குப் போகிறது. அதாவது இந்த வருடம் உங்கள் பெயரில் நடக்கப்போகும் திட்டத்துக்கான பணம், உங்களுக்கு மூன்று தலைவர்களுக்கு முந்தியவர் காலத்தில் கொடுக்கப்பட்டது. அவர் பெயர் கல்வெட்டில் வராது. நீங்கள் திரட்டப்போகும் பணமும் அப்படித்தான், இன்னும் யாரென்றே தெரியாத ஒரு தலைவருக்கு.

ரோட்டரி நிதி பெரிய திட்டங்களுக்குக் கொடுக்கும் குளோபல் கிராண்ட் என்ற மானியத்தின் விஷயமும் இதேதான். குறைந்தது 30,000 டாலர் திட்டமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு சங்கம், வேறொரு நாட்டில் ஒரு சங்கம் என இரண்டு கை சேர வேண்டும். அமைதி, நோய்த்தடுப்பு, குடிநீர், தாய்சேய் நலம், கல்வி, பொருளாதாரம், சுற்றுச்சூழல் என்ற ஏழில் ஒன்றில் அடங்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் வந்தால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வேறு, 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இவ்வளவு கெடுபிடியையும் தாண்டிப் பணம் வாங்குவதே பெரிய சாதனை, ஒப்புக்கொள்கிறேன். அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, விண்ணப்பிக்கும் முன்பே அந்த ஊர் மக்களிடம் தேவையைக் கேட்டு எழுத வேண்டும், பணம் தீர்ந்த பிறகும் திட்டம் ஓட வழி காட்ட வேண்டும் என்பது. ஆனால் நடப்பது என்ன? ஒரு தடவை எங்கள் பள்ளிக்கு வந்தவர்கள், "இந்தப் பொருள் எங்கள் பள்ளிக்கு மிகவும் தேவை" என்ற கடிதத்தை அவர்களே டைப் செய்து கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் லெட்டர்ஹெட்டில் பிரின்ட் எடுத்துத் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தேவை மதிப்பீடு முடிந்தது! கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் ஒரு சங்கம் அந்தக் காகிதத்தை நம்பித் தன் பங்கைப் போடுகிறது. அங்கே ஏதோ ஓர் ஊரில் கேக் விற்றும் பழைய புத்தகம் விற்றும் சேர்த்த காசாகக்கூட இருக்கலாம்.

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாகப்பட்டினம் 2004 டிசம்பருக்குப் பிறகு பார்த்தது. சுனாமிக்கு நாடெங்கும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து சாலையோரம் மலையாகக் குவிந்தது. வீட்டை இழந்தவர்களே ஆனாலும் கிழிந்த சேலையைக் கட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. அப்புறம் படகு. ஆளாளுக்கு ஃபைபர் படகு கொடுத்ததில், கடலுக்குப் போகாதவர் கையிலும் படகு. சில படகுகள் அலையைத் தாங்கவில்லை. அதே சுனாமிக்கு வந்த உதவிகளில் ஷெல்டர்பாக்ஸும் ஒன்று. அதை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஹெல்ஸ்டன்-லிசார்ட் என்ற சின்ன ரோட்டரி சங்கம் 2000இல் தொடங்கியது. ஒரு பெட்டி, அதற்குள் கூடாரம், போர்வை, தண்ணீர் சுத்திகரிக்கும் பொருள், சமையல் பாத்திரம், கருவிகள். முதல் பெட்டிகள் 2001இல் குஜராத் பூகம்பத்துக்கு வந்தன. அவர்கள் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விடவில்லை. அந்த ஒரே பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். அது தனி அமைப்பாகவே வளர்ந்துவிட்டது.

ரோட்டரியின் வரலாற்றிலிருந்தே ஒன்றை ஞாபகப்படுத்தலாமா? 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸ் மூன்று நண்பர்களோடு கூடியபோது சேவை என்ற எண்ணமே இல்லை. வியாபாரத் தொடர்பும் நட்பும்தான் நோக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இன்றைக்கும் பாதிப் பேர் அதற்காகத்தான் சேருகிறார்கள். 1907இல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுப்பணி எது தெரியுமா? சிகாகோ நகரத்தில் பொதுக் கழிப்பறை. அதே வேலை இன்னும் எங்கள் ஊரில் பாக்கி இருக்கிறது. கழிப்பறைக் கட்டடம் இல்லாமல் இல்லை. நீங்கள் கட்டிக் கொடுத்ததும் அரசு கட்டியதுமாக வரிசையாக நிற்கின்றன. தாழ்ப்பாள் இல்லை, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, கழுவுகிற அக்காவுக்கு மாதம் முழுக்க வேலைக்கு உண்டான கூலி இல்லை. நாப்கின் எரிக்கும் இயந்திரத்தின் கதவு துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு ஓடுகிறார்கள். இதை முடிவுசெய்யும் உங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அரிமா பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1987இல்தான். ரோட்டரி அமெரிக்காவில் 1987இலும் உலகெங்கும் 1989இலும்தான் சேர்த்துக்கொண்டது. ரோட்டரிக்கு அதற்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தேவைப்பட்டது. பல ஊர்களில் இன்னமும் "அவங்களுக்குத்தான் இன்னர்வீல் இருக்கே" என்று ரோட்டரியோடு தொடர்புள்ள பெண்கள் சங்கத்தைக் காட்டி ஒதுக்கிவிடுகிறார்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஜூலை மாதம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். உங்களுக்கு முந்தைய ஐந்து தலைவர்களின் திட்டப் பட்டியலை எடுத்துக்கொண்டு, முடிந்தால் அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எது ஓடுகிறது, எது நின்றுபோயிற்று என்று ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நின்றுபோனதில் பாதியையாவது சின்னச் செலவில் எழுப்பிவிடலாம் என்பது என் அனுமானம். அப்புறம் புதுத் திட்டம். அதன் பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று ஒதுக்கி, சங்கத்தின் அறக்கட்டளைக் கணக்கில் தனியாகப் போட்டு வையுங்கள். விற்கும் கம்பெனியிடம் விலையைக் குறைக்கப் பேரம் பேசுவதற்குப் பதிலாக ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு (ஏ.எம்.சி.) பேரம் பேசுங்கள். கரண்ட் பில் யார், கார்ட்ரிட்ஜ் யார், பூட்டும் சாவியும் யாரிடம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவோடு ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் காகிதத்தில் உங்களோடு அடுத்த தலைவரும் அதற்கடுத்தவரும் கையெழுத்துப் போடட்டும். அவர்கள் யார் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். உங்கள் அமைப்பில் அந்த வசதி இருக்கிறது.

கல்வெட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பணம் கொடுத்தவர் பெயர் இருக்கட்டும். அந்தப் பெயர்களுக்குக் கீழே ஒரு போன் நம்பர் மட்டும் பொறித்துவிடுங்கள். ஆள் மாறினாலும் மாறாத சங்கத்தின் நம்பர். கெட்டுப்போனால் கூப்பிடு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்படி.

ஆளுநர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விருதுக்கான மதிப்பெண்ணில் பழுதுபார்த்த திட்டங்களுக்கும் இடம் கொடுங்கள். ஒரு ரூபாய் பழுதுக்கு இரண்டு ரூபாய் புதுத் திட்டத்தின் மதிப்பெண் என்று வைத்தால், நாளைக்கே மெக்கானிக்குகளைத் தேடி ஓடுவார்கள். உங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

பதவியேற்பு விழா மேடையில் நலத்திட்ட உதவி கொடுப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். ஆறு மணி விழாவுக்கு நான்கு மணிக்கே அந்தத் தையல் மெஷின் வாங்கும் பெண்ணை வரச் சொல்லி, வரவேற்புரை, அறிமுகவுரை, பழைய தலைவர் அறிக்கை, புதிய தலைவர் ஏற்புரை, ஆளுநர் சிறப்புரை எல்லாம் முடிந்து ஒன்பதரைக்கு மேடையேற்றுகிறீர்கள். கடைசி பஸ் போய்விடும். கையில் குழந்தை, பக்கத்தில் இரும்பு மெஷின், வெளியே இருட்டு. காலையில் அவர் வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கி, நூல் கோத்து, பெல்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, திண்ணையில் வைத்தே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படம் இன்னும் நன்றாகவே வரும்.

இதில் ஏதாவது ஒன்று சரியென்று பட்டால், தேவை மதிப்பீட்டுக்கு எங்கள் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். காலை வழிபாடு முடிந்து முதல் பீரியடில் வாருங்கள். தலைமை ஆசிரியரிடம் இரண்டு நிமிடம் போதும். சத்துணவு சமைக்கும் அம்மாவிடமும் கழிப்பறை கழுவும் அக்காவிடமும் அரை மணி நேரம் பேசுங்கள். எந்த மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும், எந்தக் கதவு சாத்தாது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வருவதை முன்கூட்டியே சொல்ல வேண்டாம். சொன்னால் எங்கள் ஆட்கள் மேடை போட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்